தயாபரனின் சத்திச்சொட்டு

மின்சாரமே இல்லாத ஊரில் இருந்துகொண்டு இலத்திரன் என்கிற எலக்ட்ரானைப் பற்றிப் படித்தவர் தயாபரன். இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போர் நடந்த யாழ்ப்பாணத்தில் மின்கம்பங்கள் கொடி கட்டித் துணி காயப்போடத்தான் உதவின. டோர்ச்சுக்குப் போடும் பற்றரி கொண்டுவரவும் தடை. சொந்த ஊரான கோண்டாவிலில் ஜாம் போத்தலில் மண்ணெண்ணெயைச் சொட்டாக விட்டுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் மின்னோட்டத்தைப் படித்துப் பாஸ் பண்ணி, பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கப் போனார். இரண்டாம் வருடத்தில் ஊரோடு சேர்ந்து இடம்பெயர வேண்டி வந்தது. கிளிநொச்சி, வவுனியா, கொழும்பு என்று அலைந்து, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கடைசியில் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார்.

இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அபுதாபியின் மேற்கில், எண்ணெய் ஆலைகள் நிறைந்த ருவைஸில், ஒரு ஒப்பந்தக் கம்பெனியின் கருவி டெக்னீஷியன். அழுத்தம் காட்டும் மானி, வெப்பம் காட்டும் மானி எல்லாவற்றையும் கழற்றி, உண்மை சொல்கிறதா பொய் சொல்கிறதா என்று சோதித்துத் திரும்பப் பூட்டுவது அவருடைய டூட்டி. மானி பார்த்து ரிப்போர்ட் எழுதும்போது ஏதாவது ஒரு எண்ணை எழுதியே ஆக வேண்டும். 'தெரியாது' என்று எழுத அந்த வேலையில் இடமில்லை. பல வருடம் அப்படியே பழகிப் போனதில், எந்தக் கேள்விக்கும் 'தெரியாது' என்று சொல்வது மனிதனுக்கு மானக்கேடு என்கிற எண்ணம் அவருக்குள் ஊறிவிட்டது.

மனைவி சுகந்தா அங்கேயே ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். மகள் துஷானி படித்து முடித்துக் கொழும்பில் வேலை பார்க்கிறாள். அபுதாபிப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை, தமிழை யோசித்து யோசித்துத்தான் பேசுவாள். அவள்தான் இந்த வம்பைத் தொடங்கி வைத்தது. தொலைக்கல்வியில் பௌதிகவியல் பட்டம் தரும் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தகப்பன் பெயரில் விண்ணப்பம் போட்டாள். அது கிடைத்தும் விட்டது. மாத முடிவுக்குள் 'சேர்கிறேன்' என்று உறுதி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

தயாபரன் அந்த மின்னஞ்சலைத் திறப்பார், வாசிப்பார், மூடுவார். பல்லி சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் போன் கையிலேயே இருக்கும், விரல் மட்டும் நகராது. இந்த வயதில் எதற்கு, மூளை துருப்பிடித்துவிட்டது, சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து பெயில் விட்டால் மானம் போகும் என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஸ்ரீகாந்த் வந்து கேட்டான். கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில் நலன் பார்க்கும் அதிகாரி அவன், திருச்சிக்காரன். ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் ஆட்கள் படுத்தே கிடக்கக் கூடாது என்று மெஸ் ஹாலில் ஏதாவது கூட்டம் வைப்பான். சர்க்கரை நோய், போனில் வரும் மோசடி, வெயிலில் மயங்கினால் என்ன செய்வது என்று எல்லாம் பேசியாகிவிட்டது. இனிப் பேச ஆளில்லை, தமிழில் யாராவது பேசுவீர்களா என்று கேட்டான். குவாண்டம் அறிவியலுக்கென்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருந்த 2025ஆம் வருடம் அது. தயாபரன் அதைச் சொல்லி, அதைப்பற்றித் தான் பேசுவதாக வாய்விட்டுவிட்டார். ஸ்ரீகாந்துக்கு அது எந்தக் குவாண்டம் என்று தெரியாது. ஆள் கிடைத்ததே போதும் என்று போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து சுகந்தாவிடம் ஒரு கணக்குச் சொன்னார்.

"பேச்சு சரிவந்தால் படிக்கச் சேருறன். சனம் ஒண்டும் விளங்காமல் எழும்பிப் போச்சுதெண்டால் இந்தக் கதையை இதோட விடுவம்."

சுகந்தா மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "உங்களுக்குப் பயம். அதுக்கு ஏன் சனத்தைச் சாட்டுறியள்?"

உண்மைதான் என்பதால் தயாபரனுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கணக்கு கணக்குதான் என்று நின்றார். ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு, அடுத்த நாள் மாதக் கடைசி.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் குவாண்டம் என்பதை இலங்கைப் பாடப்புத்தகம் 'சத்திச்சொட்டு' என்று எழுதியது. சத்தி என்றால் ஆற்றல். ஆற்றல் ஓடை மாதிரி ஒழுகி வருவதில்லை, சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்ற அவ்வளவு பெரிய விஷயத்தை யாரோ ஒரு புண்ணியவான் ஒரே சொல்லில் அடக்கிவிட்டான். தயாபரனுக்கு அந்தச் சொல்லின் மேல் காதலே உண்டு. ஒரே ஒரு சிக்கல், யாழ்ப்பாணப் பேச்சில் சத்தி என்றால் வாந்தி. வகுப்பில் வாத்தியார் 'சத்திச்சொட்டு' என்று கரும்பலகையில் எழுதியதும் பின் பெஞ்சில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஓங்காளித்துக் காட்டுவார்கள். வாத்தியாருக்கு அந்தப் பாடம் முடியும்வரை நிம்மதி இல்லை.

கேம்ப்பில் தாரகன் என்று யாழ்ப்பாணத்து மானிப்பாய்ப் பெடியன் ஒருவன் இருந்தான். ஸ்டோரில் வேலை, வாய் கொஞ்சம் நீளம். அறிவிப்பில் சத்திச்சொட்டு என்று போட்டால் அவன் சும்மா விடமாட்டான் என்று தயாபரனுக்குத் தெரியும். அதனால் ரொம்பப் புத்திசாலித்தனமாகச் சத்தியை வெட்டிவிட்டார். கேம்ப் வாட்ஸ்அப் குழுவுக்கு அவர் எழுதிக் கொடுத்த வரி இதுதான்: 'சொட்டு: ஓர் அறிமுகம். உரை தயாபரன். ஞாயிறு பின்னேரம், மெஸ் ஹால்.' ஸ்ரீகாந்த் அதன் மேல் ஒரு நீலத் தண்ணீர்த் துளிப் படத்தை ஒட்டி அனுப்பினான். நல்ல கற்பனை உள்ள பையன் என்று தயாபரன் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சுகந்தாவையும் கூட்டிக்கொண்டு கேம்ப்புக்குப் போனபோது, பத்துப் பேர் வந்தால் பெரிது என்றுதான் நினைத்தார். மெஸ் ஹால் நிரம்பி வழிந்தது. நாற்காலி போதாமல் சாப்பாட்டு மேசைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். தலைக்குக் குளித்து, சட்டை மாற்றி, பொங்கலுக்கு வந்தவர்கள்போல் இருந்தார்கள். பெரும்பாலும் தமிழ்நாட்டு ஆட்கள், இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம். இந்த ஆலைப் புகைக்குள் இத்தனை பேருக்குப் பிரபஞ்சத்தின்மேல் இப்படி ஒரு தாகமா என்று தயாபரன் நினைத்து, இத்தனை வருடமும் தன் சக மனிதர்களைக் குறைத்து எடை போட்டதற்காக வெட்கப்பட்டார். சுகந்தா பின்வரிசையில், டீப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, 'பார்த்தீர்களா' என்பதுபோல் தலையசைத்தாள்.

அவர் தொடங்கினார். சொட்டு என்றால் தொடர்ச்சியாக வராமல் விட்டுவிட்டு வருவது என்றார். தலைகள் ஆடின. பார்த்தால் ஓடிவருவதுபோல்தான் இருக்கும், உண்மையில் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்றார். இன்னும் பலமாக ஆடின. ஒருவர் போனில் பதிவு செய்யத் தொடங்கினார். நூறு வருடத்துக்கு முன்பே ஜெர்மனியில் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றதும், முன்வரிசையில் இருந்த ஒரு கறுத்த, ஒடிசலான மனிதர் எழுந்து நின்றார். முதுகுளத்தூர் நாகலிங்கம். ஆலைக் கோபுரங்களைச் சுற்றி இரும்புக் குழாய்ச் சாரம் கட்டும் வேலை. அடுத்த வருடம் முடித்துக்கொண்டு ஊரோடு போய்விடத் தீர்மானித்திருந்தவர்.

"அண்ணே, அந்த ஜெர்மன் பைப்பு நம்ம ஊருல கிடைக்குமா? எங்க தண்ணி உப்புத் தண்ணி. ஓட்டை அடைச்சுக்கிடாதுல்ல?"

தயாபரனுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. பிறகு நாகலிங்கத்துக்குப் பக்கத்தில் இருந்தவர் மடியைப் பார்த்தார். மணிமாறன் என்ற அந்த ஆள் நெடுஞ்சாலை ஓரத்துப் பேரீச்ச மரங்களைப் பராமரிக்கும் கம்பெனியில் இருப்பவர். அவர் மடியில் ஒரு முழம் கறுப்புக் குழாய் இருந்தது, மரத்தடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிற அதே குழாய். விளக்கத்துக்கு உதவும் என்று அவராகவே எடுத்து வந்திருந்தார்.

ஹால் முழுக்க வந்திருந்தவர்கள் சொட்டுநீர்ப் பாசனத்துக்காக வந்திருந்தார்கள்.

குற்றம் அவர்களுடையதில்லை. தினமும் வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து பார்க்கிறார்கள், இரண்டு பக்கமும் மணல், நடுவில் கறுப்புக் குழாய், அதன் புண்ணியத்தில் பச்சைப்பசேல் என்று மரம். இந்த மணலிலேயே முடிகிறது என்றால் நம் கரிசலில் முடியாதா என்று ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஓடுகிற எண்ணம்தான். 'சொட்டு: ஓர் அறிமுகம்' என்று பார்த்ததும் வேறு எதை நினைப்பார்கள்? வாந்திக்குப் பயந்து சத்தியை வெட்டியவர் விவசாயத்தில் போய் விழுந்தார்.

வாசலில் நின்ற ஸ்ரீகாந்தின் முகம் வெளிறிவிட்டது. சமாளித்துவிடலாமா என்று தயாபரனுக்குத் தோன்றத்தான் செய்தது. குழாய், அழுத்தம், வால்வு எல்லாம் அவர் தொழில்தானே, ஒரு மணி நேரம் எதையாவது சொல்லி ஒப்பேற்றலாம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் நாகலிங்கத்தின் முகத்தில் இருந்த ஆவலைப் பார்த்தபோது வாய் வரவில்லை. தப்புத் தன்னுடையது, தான் பேச வந்தது வேறு சொட்டு, அது வெளிச்சத்தைப் பற்றியது, உலகம் எதனால் ஆனது என்பதைப் பற்றியது, உங்கள் லீவைக் கெடுத்ததற்கு மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டார்.

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. நாற்காலிகள் இழுபட்டன. ஒருவர் எழுந்தார், அவர் பின்னால் ஒரு வரிசையே எழுந்தது. "யல்லா, ரூமுக்குப் போலாம்" என்று யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது. சனம் எழும்பிப் போனால் விட்டுவிடுவதுதானே கணக்கு. தயாபரன் மைக்கைப் பிடித்தபடி, தன்னுடைய பட்டம் வாசல் வழியாக வெளியே நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வலித்தது. அது இவ்வளவு வலிக்கும் என்று அந்த நிமிடம் வரை அவருக்குத் தெரியாது.

நாகலிங்கம் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "வந்தது வந்துட்டோம். உங்க சொட்டு என்னன்னுதான் சொல்லுங்களேன்" என்றார். "டீ வேற போட்டுட்டாங்க."

டீக்காகவோ நாகலிங்கத்துக்காகவோ பாதிப் பேர் திரும்ப உட்கார்ந்தார்கள். தயாபரன் எழுதிக்கொண்டு வந்ததை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். மணிமாறனிடம் போய் அந்தக் குழாயை வாங்கினார். வால்வைக் கொஞ்சம் அடைத்தால் சொட்டு சின்னதாகுமா என்று கேட்டார். மணிமாறன் யோசிக்காமல், சொட்டு அதே அளவுதான், ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவில்தான் நேரம் தள்ளிப்போகும் என்றார்.

"வெளிச்சமும் அப்படித்தான்" என்றார் தயாபரன். "விளக்கைக் குறைச்சுக் குறைச்சுக் கொண்டு போனால் ஒவ்வொரு சொட்டும் மெலிஞ்சு போறதில்லை. சொட்டின்ர எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். அரைச் சொட்டு எண்டு ஒண்டு வரவே வராது."

நிறத்துக்கு நிறம் சொட்டின் வீரியம் வேறு என்று அடுத்துச் சொன்னார். சிவப்பு வெளிச்சத்தின் சொட்டு சாது, நீலத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தின் சொட்டு முரடு. நம்பாவிட்டால் வெல்டரைக் கேளுங்கள் என்றார். வாணியம்பாடி சாதிக் பாட்ஷா, வெல்டர், சுவரோரம் நின்றிருந்தார். உலைச் சன்னலில் செக்கச்செவேல் என்று எரிவதை எட்டிப் பார்த்திருக்கிறேன், சூடுதான் தெரியும், கண்ணாடி போடாமல் வெல்டிங் பொறியை ஒரு தரம் பார்த்தால் போதும், அன்றைக்குக் கண்ணில் மணல் கொட்டியதுபோல் கிடந்து துடிக்க வேண்டும் என்று அவர் சொன்னார். அதுதான் முரட்டுச் சொட்டு, சாதுச் சொட்டு எத்தனை விழுந்தாலும் அந்த வேலையைச் செய்யாது என்றார் தயாபரன். அந்த நோவை அனுபவித்தவர்கள் நாலைந்து பேர் அங்கே இருந்தார்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு அவருக்கு வேகம் வந்துவிட்டது. இலத்திரன் என்ற குட்டிப் பொருள் எங்கே இருக்கிறது என்று பார்க்கும்வரை, அது இங்கேதான் இருக்கிறது என்று சொல்ல முடியாது என்றார். ஸ்டோர் தாரகனைக் காட்டி ஒருவர், இவனிடம் ஸ்பேனர் கேட்பது மாதிரியா, கேட்டால் ஃபீ என்பான், போய்ப் பார்த்தால் மாஃபி என்று சொல்ல, ஹால் சிரித்தது. இருக்கிறது, இல்லை என்பதற்கு அங்கே எல்லா நாட்டுக்காரனும் சொல்வது இந்த இரண்டு அரபுச் சொற்களைத்தான். தயாபரனும் சிரித்தார், ஆனால் விடவில்லை. தாரகன் ஃபீ என்று சொல்லும்போதே அங்கே ஸ்பேனர் இல்லை, அவன் சொன்னது பொய். இலத்திரன் பொய் சொல்வதில்லை. நாம் பார்க்கும்வரை அது ஃபீயும் இல்லை, மாஃபியும் இல்லை. பார்த்ததும் எப்படி ஏதாவது ஒன்றாக ஆகிவிடுகிறது என்பதில் பெரிய பெரிய ஆட்களே இன்றைக்கும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

இதெல்லாம் எல்லோருக்கும் புரிந்தது என்று சொன்னால் அது பொய். பலருக்குப் புரியவில்லை. ஆனால் யாரும் எழுந்து போகவில்லை.

நாகலிங்கம் மறுபடியும் கை தூக்கினார். நாள் முழுக்க உயரத்தில் பெல்ட் மாட்டித் தொங்குகிறவருடைய கேள்வி அது.

"வெளிச்சம் சொட்டுச் சொட்டா வருதுங்கறீங்க, சரி. மேல நிக்கிறப்ப பூமி நம்மளக் கீழ இழுக்குதுல்ல, அந்த இழுவையும் சொட்டுச் சொட்டாத்தான் வருதா?"

தயாபரனின் வாய் வழக்கம்போல் ஒரு பதிலைத் தேடியது. மானியில் ஏதாவது ஒரு எண்ணை எழுதியே பழகிய வாய். அந்தக் கேள்விக்கு எழுத எண்ணே கிடையாது என்று அவருக்குத் தெரியும். உலகத்திலுள்ள அத்தனை பௌதிகக்காரர்களும் முட்டிக்கொண்டு நிற்கிற சுவர் அது. சுகந்தா டீ ஊற்றுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

"தெரியாது" என்றார்.

"உங்களுக்கா?"

"எனக்கும் தெரியாது, வேற ஒருத்தருக்கும் தெரியாது. அப்பிடித்தான் இருக்கவேணும் எண்டு கனபேர் நினைக்கினம். ஆனால் அந்தச் சொட்டை இண்டைக்குவரைக்கும் ஒருத்தரும் காணேல்லை."

அவமானம் வந்து மேலே விழும் என்று காத்திருந்தார், வரவில்லை. நாகலிங்கத்தின் முகத்தில் மெதுவாக ஒரு சந்தோஷம் பரவியது. அமெரிக்காக்காரனுக்கும் தெரியாதா, ஜப்பான்காரனுக்கும் தெரியாதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். இந்த ஒரு விஷயத்தில் முதுகுளத்தூரும் அவர்களும் ஒரே வரிசையில் நிற்பது அவருக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, யாருக்குமே தெரியாதாம்டா என்று ஏதோ நல்ல செய்திபோல் சொன்னார்.

"அப்ப இது இன்னும் ஆளில்லாம கிடக்கிற வேலை. நீங்க படிச்சவரு, இறங்கிப் பாக்க வேண்டியதுதானே அண்ணே?"

"நான் முழுசாப் படிக்கேல்லை. பாதியில விட்டனான்."

"பாதியில விட்டா மீதி இருக்குல்ல" என்றார் நாகலிங்கம்.

அவர் அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு டீ எடுக்கப் போய்விட்டார். தயாபரன் மைக்கை மேசைமேல் வைத்தார். இத்தனை வருடமாக அந்தப் பாதிப் படிப்பை அவர் ஒரு இழவு வீடுபோல்தான் நினைத்து வந்திருக்கிறார். அதில் மீதி இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை, அவரும் நினைத்ததில்லை.

வெளியே வெயில் தணிந்திருந்தது. காரில் ஏறியதும் சாவியைத் திருப்பாமல் போனை எடுத்தார். அந்த மின்னஞ்சலைத் திறந்தார், இந்த முறை மூடவில்லை. 'சேர்கிறேன்' என்பதை அழுத்திவிட்டுச் சுகந்தாவிடம் காட்டினார்.

"பயம் போயிட்டுதோ?" என்று கேட்டாள்.

"இல்லை, இருக்கு."

"இருக்கட்டும்" என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்று சாதித்தாள்.

அவர்கள் வீடு வந்து சேர்வதற்குள் ஸ்ரீகாந்த் அடுத்த ஞாயிறுக்கான அறிவிப்பைத் தயார் செய்து, இந்த முறை முதலில் தயாபரனுக்கு அனுப்பிச் சரியா என்று கேட்டிருந்தான். 'இரண்டு சொட்டு. முதலில் தண்ணீர்ச் சொட்டு: மணிமாறன். பிறகு வெளிச்சச் சொட்டு: தயாபரன்.' அந்த வேலையைச் செய்கிற ஆளே குழாய் போடுவதைச் சொல்லித் தரப்போகிறார் என்று தெரிந்தால், எழுந்து போனவர்களும் வந்துவிடுவார்கள்.

தயாபரன் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு, வெளிச்சச் சொட்டு என்பதை எடுத்துவிட்டுச் 'சத்திச்சொட்டு' என்று முழுசாகவே போடும்படி பதில் எழுதினார். ஸ்ரீகாந்த் போட்டான்.

அறிவிப்பு வாட்ஸ்அப் குழுவில் விழுந்த கையோடு தாரகனின் பதில் வந்தது: 'அண்ணை, நான் வாளி கொண்டு வரவோ?'

தயாபரன் சத்தம் போட்டுச் சிரித்தார். 'கொண்டு வாரும், முன்வரிசையில இரும்' என்று எழுதினார்.